ஆற்றுக்கு மாற்றல் இல்லை

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுவிழா மேடையில் தமிழின் தொன்மையையும் குறளின் பெருமையையும் சிலம்பின் சுவையையும் பேசுதல் மரபு. அவற்றைப் பேசவல்ல பெருமக்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். நாமோ பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பதிவேடும் பற்றுச்சீட்டுமாக இருபது ஆண்டுகளைக் கழித்துள்ளோம். ஆதலின், கற்றோர் அவையில் கற்றோர் பொருளைத் தொடாமல், எல்லார்க்கும் பொதுவான ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். அப்பொருள், தண்ணீர்.

ஆறு என்றதும் நம் நெஞ்சில் ஓடுவது காவிரி. அன்றேல் வையை, பொருநை, பாலாறு. அவரவர் பிறந்த ஊருக்கு ஏற்றபடி ஒன்று ஓடும். மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி என்பதைக் காலையில் செய்தித்தாளில் பார்த்த பின்பே காப்பியைத் தொடுகின்ற அன்பர்கள் நம் குடியிருப்பில் உண்டு. அது பிறந்த மண்ணின் பாசம். அதனைக் குறை கூறுவார் யார்? ஆனால், நாம் சோறுண்டு வாழும் இந்தத் தோஆபா நாட்டில், நமக்கு அணித்தே ஓடும் சிற்றாற்றில் இன்று நீர் எவ்வளவு, அதன் நிறம் என்ன என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்?

அச்சிற்றாற்றின் பெயர் காலி பேயீன். பெயரைக் கேட்டு நம் குழந்தைகள் நகைப்பதுண்டு. தமிழ்க் காதுக்குக் ‘காலி’ என்றால் வெறுமை. ‘பேயீன்’ என்றாலோ பேயின் நினைவு. பஞ்சாபி மொழியில் ‘காலி’ என்பது கறுப்பு. கரிய நீரோட்டம் என்பதே பெயரின் பொருள். ஹோஷியார்பூர் மாவட்டத்தில், முகேரியானை அடுத்த தனோவா என்னும் ஊரருகே இது பிறக்கின்றது. கபூர்தலா, சுல்தான்பூர் லோதி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடி, பியாசும் சட்லெஜும் கூடுகின்ற ஹரிகே அருகே கலந்துவிடுகின்றது. இமயத்துப் பனியை நம்பிப் பிறந்த பேராறு அன்று இது. சதுப்பு நிலத்து ஊற்றும், வயல்வெளியில் கசியும் நீரும், மழையுமே இதற்குத் தாய்ப்பால்.

இங்கே ஒன்றை உணர்தல் வேண்டும். ஆறு என்பது இரு கரைகளுக்கு இடையே தெரியும் நீர் மட்டும் அன்று. எந்தெந்த நிலத்தில் விழும் மழைத்துளி சரிந்தோடி அந்த ஆற்றை அடைகின்றதோ, அந்நிலம் முழுதும் ஆறே. வயலும் ஆறு, சாலையும் ஆறு, நம் வீட்டுக் கூரையும் ஆறு, கொல்லைப்புறச் சாக்கடையும் ஆறு. மரத்தின் உயிர் இலையிலும் வேரிலும் பரந்திருத்தல்போல, ஆற்றின் நலம் அதன் நீர்பிடி நிலம் எங்கும் பரந்து கிடக்கின்றது. இலையைக் கிள்ளினால் மரம் பொறுக்கும். வேரெல்லாம் வெந்நீர் ஊற்றினால் பொறுக்குமோ?

இச்சிற்றாற்றின் பெருமை சிறிதன்று. குருநானக் தேவர் தம் இளமையில் சுல்தான்பூர் லோதியில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது சீக்கியர் மரபு. அங்கே நவாப் தௌலத்கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் அளந்து கொடுத்துக் கணக்கு வைத்திருந்தவர் அவர். நம்மைப்போல் கணக்கேட்டோடு உறவாடியவர் என்பதில் எழுத்தர்களாகிய நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு! ஒருநாள் பேயீனில் நீராடப் புகுந்தவர் மூன்று நாள் வெளிவரவில்லை என்றும், வெளிவந்தபோது மெய்ஞ்ஞானம் பெற்ற குருவாய் வந்தார் என்றும் கூறுவர். இன்றும் அக்கரையில் பேர் சாஹிப் குருத்துவாரா நிற்கின்றது. கபூர்தலாவை அடுத்த காஞ்சிலியில், 1870ஆம் ஆண்டு மகாராஜா ரண்தீர் சிங் காலத்தில் பாசனத்துக்காக இவ்வாற்றைத் தடுத்துக் கட்டியதால் ஒரு நீர்நிலை உண்டாயிற்று. 2002ஆம் ஆண்டு, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது.

இத்துணைப் பெருமையும் இருந்தென்ன? இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பேயீன் செத்துக்கொண்டிருந்தது. தலைப்பகுதியில் ஊற்று வற்றி, வறண்ட படுகையை உழுது பயிரிட்டனர். நடுப்பகுதியில் ஆறு நகரங்களும் நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்களும் தத்தம் கழிவுநீரைத் திறந்துவிட்டன. தேங்கிய கழிவில் ஆகாயத்தாமரை செழித்தது. இங்கே அதனை ஜல்கும்பி என்பர். தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக நம் நாட்டுக்குள் வந்த விருந்தாளி அது. இன்று வீட்டுக்காரனையே வெளியேற்றும் விருந்தாளி ஆகிவிட்டது. சாக்கடையிலும் உரம் கரைந்த வயல் நீரிலும் உள்ள சத்தை உண்டு, இரு வாரங்களில் இருமடங்காகப் பெருகவல்லது. நீர்ப்பரப்பை மூடியபின் உள்ளே வெயில் இறங்காது, காற்றும் கரையாது. மீன் மூச்சு முட்டிச் சாகும். கொசு மட்டும் வாழும். தவம் செய்த துறை நாற்றத்தின் இருப்பிடமாயிற்று.

இருப்புப்பாதை அன்பர்களுக்கு விளங்கும் முறையில் இதனைச் சொல்கின்றோம். பழைய சரக்கு அலுவலகங்களில் ‘டு பே’ என்றொரு பதிவு முறை இருந்தது. சரக்கை அனுப்புபவர் ஒருவர். கட்டணத்தைச் செலுத்துபவர் மறுமுனையில் அதனைப் பெறுபவர். அங்கேயாவது பெறுபவருக்குச் சரக்கு வேண்டியிருந்தது. ஆற்றில் நடப்பது என்ன? மேல்கரை ஊர் தன் அழுக்கை ‘டு பே’ என்று பதிந்து அனுப்புகின்றது. கீழ்கரை ஊர், கேளாத அச்சரக்கைப் பெற்றுக்கொண்டு, வயிற்றுநோயாகவும் தோல்நோயாகவும், கெட்டுப்போன கிணறாகவும் கட்டணம் செலுத்துகின்றது. ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பவும் அதற்கு வழியில்லை; நீர் மேல்நோக்கி ஓடாதன்றோ!

இந்நிலையில் 2000ஆம் ஆண்டு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஜலந்தர் மாவட்டத்துச் சீச்சேவால் என்னும் சிற்றூரைச் சேர்ந்த துறவி பல்பீர் சிங், ஆற்றின் அவலத்தைப் பேசிக்கொண்டே இருப்பதில் பயனில்லை எனக் கண்டு, தம் தொண்டர்களோடு சுல்தான்பூர் லோதியில் நீரில் இறங்கினார். அரசாணைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அவர் காத்திருக்கவில்லை. கையால் ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையேற்றினர். சீக்கியர் இதனைக் கார் சேவை என்பர். கைகளால் செய்யும் தொண்டு என்பது பொருள். பின்னர் ஊர் ஊராக மக்கள் சேர்ந்தனர். ஓர் ஊர் டிராக்டர் தந்தது. ஓர் ஊர் ஆட்களைத் தந்தது. ஓர் ஊர் ரொட்டியும் பருப்பும் சமைத்துத் தந்தது. சேறு அகற்றினர்; கரையை உயர்த்தினர்; படித்துறை கட்டினர்; கரை நெடுக மரம் நட்டனர். ஆண்டுகள் பல உழைத்த பின் ஆற்றில் மீண்டும் நீர் ஓடிற்று. இத்தொண்டுக்காக அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

தூர் வாரியது பாதிப் பணியே. ‘ஆற்றில் விடாதே’ என்று ஓர் ஊரிடம் சொன்னால், ‘பின் எங்கே விடுவது?’ என்று அவ்வூர் கேட்கும். அது நியாயமான கேள்வி. அதற்கும் சீச்சேவாலில் விடை கண்டனர். வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்கடியில் குழாய்வழி ஓரிடம் சேர்த்து, அடுத்தடுத்துள்ள கிணறுகளில் விடுவர். முதற் கிணற்றில் சுழன்று இறங்கும்போது மண்ணும் கசடும் அடியில் தங்கும். அடுத்தவற்றில் எண்ணெயும் மிதக்கும் அழுக்கும் பிரியும். பின்னர்க் குளத்தில் வெயிலும் காற்றும் பட்டுத் தெளியும். தெளிந்த நீரை வயலுக்குப் பாய்ச்சுவர். ஆற்றைக் கெடுத்த நீர் பயிரை வளர்க்கின்றது. இம்முறை கங்கைக் கரைச் சிற்றூர்களுக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது.

தமிழராகிய நாம் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் சுல்தான்பூர் லோதிக்கு வந்து, மக்கள் கையால் மீட்ட இவ்வாற்றை நேரிற் கண்டு பாராட்டினார். குருநானக் தென்னாட்டுப் பயணத்தில் இராமேசுவரம் வந்தார் என்பது சீக்கியர் மரபு. அங்கே அவர் பெயரால் ஒரு குருத்துவாராவும் உண்டு. பேயீன் கரையிலிருந்து ஞானி ஒருவர் இராமேசுவரம் சென்றார். இராமேசுவரத்தில் பிறந்த அறிஞர் ஒருவர் ஐந்நூறு ஆண்டு கழித்துப் பேயீன் கரைக்கு வந்தார். இந்நீர் நமக்கு அயல்நீர் என்று இனி யார் சொல்ல முடியும்?

மேலும், ஊர் கூடி நீர்நிலையைக் காத்தல் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசும்போது குடவோலைத் தேர்தலைப் பெருமையோடு கூறுகின்றோம். அத்தேர்தலால் அமைந்த குழுக்களுள் ஏரி வாரியம் ஒன்று என்பதை மறந்துவிடுகின்றோம். பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரார் ஆள் தேர்ந்தனர்! கோடையில் வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு சென்று வாய்க்காலும் ஏரிக்கரையும் செப்பனிட்ட குடிமராமத்து நம் பாட்டனார் அறிந்த வழக்கம். அதனை வலியுறுத்தச் சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டு ஒரு சட்டமே இயற்றப்பட்டது. பின்னர் ‘எல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்’ என்று மக்கள் கையைக் கட்டிக்கொண்டனர், ஏரியும் தூர்ந்தது. பஞ்சாபியர் கார் சேவை என்பதும் நாம் குடிமராமத்து என்பதும் ஒரே கையின் இரு பெயர்கள்.

நிற்க. பேயீன் கதை முடிந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. மீட்கப்பட்ட பின்னும் மேற்கரையிலிருந்து கழிவுநீர் புகுந்து மீன்கள் செத்து மிதந்த ஆண்டுகள் உண்டு. காஞ்சிலியில் ஆகாயத்தாமரை மீண்டும் மீண்டும் படர்ந்ததுண்டு. வீட்டை ஒருநாள் பெருக்கிவிட்டு ஆண்டு முழுதும் தூய்மை என்று இருக்க முடியுமோ? தாய்மார்கள் இதனை நன்கு அறிவர். ஆற்றைத் தூய்மை செய்தல் விழா அன்று, அன்றாடக் கடமை.

ஆற்றின் நோய் ஆற்றோடு நிற்பதும் இல்லை. பஞ்சாபில் நிலத்துக்குள் ஆண்டுதோறும் ஊறும் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆழ்குழாய்க் கிணறுகள் இறைத்துவிடுகின்றன. நெல்லுக்காக இறைக்கும் நீரைக் குறைக்கவே, கடுங்கோடையில் நாற்று நடுவதைத் தடுத்து 2009ஆம் ஆண்டு தனிச்சட்டம் செய்தனர். ஓடும் சிற்றாறு தன் வழியெல்லாம் மண்ணுக்குள் நீரை இறக்கிச் செல்லும் இயல்பினது. அதன் நீர் தூயதாயின் கிணறு பிழைக்கும். கெட்டதாயின் கிணறும் கெடும். நம் சமையலறைக் குழாயில் வருவதும் இம்மண்ணின் அடியில் ஊறிய நீரே. ஆகவே ஆற்றைக் காத்தல் பிறர்க்குச் செய்யும் தருமம் மட்டும் அன்று. நம் குழந்தைகள் குடிக்கும் குவளையைக் காத்தல்.

இனி, இவற்றைக் கேட்டுவிட்டுக் கைதட்டிக் கலைவதா, ஏதேனும் செய்வதா? பொதுக்குழுவின் முன் நான்கு கருத்துகளை வைக்கின்றோம்.

ஒன்று: அறிதல். நம் குடியிருப்பின் கழிவுநீர் எந்த வாய்க்காலில் சென்று எங்கே கலக்கின்றது என்பதை நம் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து சென்று கண்டு, படம் வரைந்து, சங்க அறையில் மாட்டவேண்டும். போகுமிடம் தெரியாமல் மூட்டையை வண்டியில் ஏற்றுவது நம் துறைக்கே இழுக்கு!

இரண்டு: கலவாமை. வடை சுட்டு எஞ்சிய எண்ணெயையும், காலங்கடந்த மருந்தையும், பாலிதீன் பைகளையும் சாக்கடையில் இடாதிருத்தல். பூசைப்பூவைப் பையோடு ஆற்றில் எறியாமல் செடியடியில் இட்டு எருவாக்குதல். பாத்திரம் கழுவிய நீரை எண்ணெயும் சவர்க்காரமும் மிகாதபடி செய்து, கொல்லைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் திருப்பலாம். ஊரில் நம் அன்னையர் கிணற்றடி நீரை வாழைக்கு விட்டது எந்தச் சட்டத்துக்கு அஞ்சி?

பிள்ளையார் சதுர்த்தி குறித்தும் ஒரு சொல். சென்ற பொதுக்குழுவில் இதுபற்றிக் கருத்து மாறுபாடு எழுந்ததை மறக்கவில்லை. நீரில் கரைத்தல் முன்னோர் வகுத்த முறை என்று பெரியவர்கள் கூறியது முற்றும் உண்மை. ஆனால், முன்னோர் குளத்துக் களிமண்ணால் பிள்ளையாரைப் பிடித்துக் குளத்துக்கே திருப்பித் தந்தனர், மண் மண்ணாயிற்று. சுண்ணச் சாந்தும் வண்ணச் சாயமும் முன்னோர் தந்தவை அல்ல, கடைக்காரர் தந்தவை. 2020ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நெறிமுறையும் சாந்துப் பிள்ளையாரை விலக்கியுள்ளது. வரும் ஆண்டு களிமண் பிள்ளையாரை நாமே பிடித்து, தொட்டியில் கரைத்து, அந்த மண்ணைச் செடிக்கு இடுவோமாயின், பழைய முறைக்குத் திரும்பினவர் ஆவோமே அன்றி அதனை விட்டவர் ஆகோம்.

மூன்று: சேமித்தல். 100 சதுரமீட்டர்க் கூரையில் 500 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 50,000 லிட்டர் நீர். கணக்கு எளிது, எவரும் போட்டுப் பார்க்கலாம். அந்நீர் சாலையில் ஓடிச் சாக்கடையில் கலந்து வீணாகாமல், மணலும் சரளையும் இட்ட குழிவழி மண்ணுக்குள் இறங்கவேண்டும். இவ்வாண்டு தோரணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கை அடுத்த ஆண்டு இதற்கு ஒதுக்கினால், உரிய அனுமதி பெற்று, நம் சங்கக் கூரையிலேயே தொடங்கலாம். ஒலி சற்றுக் குறையின் உரையாற்றுவோர் சுருங்கப் பேசுவர். அதுவும் ஒரு நன்மை!

நான்கு: பதிதல். மாதம் ஒருநாள் பேயீன் கரைக்குச் சென்று நீரின் மட்டம், நிறம், மணம், காணும் பறவை, மீன் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். அன்றே அண்டை ஊர்ப் பஞ்சாபி அன்பர்களோடு சேர்ந்து இரண்டு மணி நேரம் கரையில் தொண்டு செய்யலாம். 2019, 2023 வெள்ளங்களில் சட்லெஜ் கரை உடைந்தபோது மண்மூட்டை சுமந்து அடைத்தவர்களுள் இத்தொண்டர்கள் முன்னின்றனர். அத்தகையோர் அருகில் நின்று பணி செய்வது நமக்குப் பெருமை. நம் பிள்ளைகளுக்குப் பஞ்சாபியும் நன்றாக வரும்!

‘இன்னும் மூன்று ஆண்டில் மாற்றல் வந்துவிடும், நமக்கேன் இந்த ஆறு?’ என்று அன்பர் சிலர் கேட்கலாம். கேள்வி பொய்யன்று. நம்மில் பலர் கோரக்பூரும் ஜான்சியும் பார்த்துவிட்டு இங்கே வந்தோம். இனி எங்கே செல்வோமோ அறியோம். ஆனால், மாற்றலில் செல்லும் எழுத்தர் என்ன செய்கின்றார்? மேசையைப் பூட்டிவிட்டு வண்டியேறிவிடுகின்றாரா? அடுத்து வருபவரிடம் பணப்பெட்டியையும் பதிவேட்டையும் எண்ணிக் காட்டி, இருவரும் கையொப்பமிட்ட பின்பே விடுபடுகின்றார். குறைவு இருந்தால் அது சென்றவர் கணக்கில் ஏறும். இம்மண்ணின் நீருக்கும் அதே விதிதான். நமக்கு மாற்றல் உண்டு. ஆற்றுக்கு மாற்றல் இல்லை. நாம் காலி செய்யும் வீட்டில் நாளை வேறொரு குடும்பம் வந்து குழாயைத் திறக்கும். தமிழரோ, வங்கரோ, பஞ்சாபியரோ, அக்குடும்பத்துக் குழந்தையின் குவளையில் நாம் விட்டுச்சென்ற கணக்கு தெரியும்.

மேற்கூறிய நான்கனுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பது பொதுக்குழுவின் உரிமை. முதலாவதையேனும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கலாம் என்பது நம் வேண்டுகோள். சங்க வாயிலில் காத்திருப்போம். வருவோர் பழைய செருப்பு அணிந்து வருக.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வற்றாது ஓடுக பேயீன்!